கருத்தரிப்புச் சிகிச்சையும் அவசர வைத்தியமும்

மக்கட்பேறு மாந்தர் விழையும் பேறுகளுள் தலையாயதென்பது நம் முன்னோர் துணிபு. திருவள்ளுவனாரும் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்தருளினர். அப்பேறு வாயாத இல்லங்களில் நிகழும் துயரமோ சொல்லுந்தரமன்று. அத்துயரத்துள்ளும் பெரும்பங்கு பெண்மக்கள் தலைமேலேயே சுமத்தப்படுகின்றது. சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளியில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மணமாகி ஓராண்டு கழிந்ததும், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேளாத உறவினர் நம் ஊர்களில் அரியர். திருச்செங்கோட்டுப் பக்கத்தைக் களமாகக் கொண்டு பெருமாள்முருகன் அவர்கள் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மாதொருபாகன்’ என்னும் நாவல், குழந்தையற்ற உழவர் தம்பதிகள் ஊராரிடமும் உறவினரிடமும் பட்ட பாட்டையே பொருளாக உடையது.

முற்காலத்தில் நோன்பும் நாட்டு மருந்துமே இக்குறைக்கு மாற்றாயிருந்தன. இக்காலத்தில் அவற்றோடு புதிய வைத்தியமும் சேர்ந்துள்ளது. சேலத்திலும், ஈரோட்டிலும், நாமக்கல்லிலும் கருத்தரிப்புச் சிகிச்சை நிலையங்கள் பல தோன்றியிருக்கின்றன. அவற்றால் பல குடும்பங்களில் தொட்டில் கட்டப்பெற்றதும் உண்மையே. ஆதலின் இச்சிகிச்சையை இகழ்வது நம் கருத்தன்று. எனினும் இதனைப் பெறுவோருட் சிலர்க்குத் திடீரென அபாயம் நேர்தலுண்டு. அவ்வபாயங்கள் யாவை, அவற்றை அறிவது எங்ஙனம், அறிந்தபின் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சிகிச்சையின் முறையைச் சுருங்க அறிதல் வேண்டும். இயற்கையில் மாதந்தோறும் சினைப்பையில் பெரும்பாலும் ஒரு கருமுட்டையே முதிர்கின்றது. மாத்திரையும் ஹார்மோன் ஊசியும் கொடுத்து, ஒன்றிருக்குமிடத்தில் பத்தோ, அதற்கு மேலோ முதிரச் செய்வது இச்சிகிச்சையின் முதற்படி. அவை தக்க பருவமடைந்ததும் அவற்றை முற்றுவிக்கும் ஊசி ஒன்று போடப்படும். அது பெரும்பாலும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனாகும். ஏறத்தாழ 36 மணி நேரங் கழித்து, ஸ்கேன் கருவியின் துணையால் யோனி வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி முட்டைகளை உறிஞ்சியெடுப்பர். சோதனைச் சாலையில் அவற்றைக் கருவுறச் செய்து, சில நாட்களில் கருவைக் கருப்பையில் வைப்பர். இதனையே ஐ.வி.எப். என்றும், ‘சோதனைக்குழாய்க் குழந்தை’ முறையென்றும் வழங்குகின்றனர். ஊசியும் மாத்திரையும் மட்டும் கொடுத்து, முட்டையை வெளியே எடுக்காமலே கருத்தரிக்கச் செய்யும் எளிய முறைகளும் உள.

இம்முறையால் உலகிற் பிறந்த முதற் குழந்தை 1978 ஜூலை 25ஆம் தேதி இங்கிலாந்திலுள்ள ஓல்டாம் என்னும் ஊரிற் பிறந்தது. பாட்ரிக் ஸ்டெப்டோ, ராபர்ட் எட்வர்ட்ஸ் என்னும் இருவரே அதனைச் சாதித்தவர். அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் நம் நாட்டிலும் ஒரு பெண்மகவு பிறந்தது. ஆயின், இக்கலையின் தொடக்கத்தில் நிகழ்ந்த பிறிதொன்றைப் பலர் அறியார். ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் தங்கள் முறையால் உண்டாக்கிய கருப்பங்களுள் முதன்முதல் 1976இல் வெளியிட்டது கருப்பையில் தங்கியதன்று. கருக்குழாயில் தங்கிய கருவாகும். அதனை அறுவை செய்து அகற்ற நேர்ந்தது. இதனால், வெற்றியும் அபாயமும் இக்கலையில் ஒருங்கே தோன்றின என்பது போதரும்.

நிற்க. சிகிச்சை நடைபெறுவது நகரத்தில், பகற்பொழுதில், நாள் குறித்து. அபாயம் வருவதோ நள்ளிரவில், பெண்ணின் சொந்த ஊரில். எடப்பாடிப் பக்கத்திலோ, கொல்லிமலை அடிவாரத்திலோ வாழ்வாள் ஒருத்திக்கு வயிறு உப்பி மூச்சு முட்டுமாயின், அவளை முதலிற் காண்பவர் அவளுக்குச் சிகிச்சை செய்த நிபுணரல்லர். பக்கத்து ஊர் வைத்தியரோ, தாலுகா ஆஸ்பத்திரியின் இரவுப் பணி டாக்டரோ ஆவர். ‘108’ ஆம்புலன்ஸ் அவளைச் சேலம் அரசினர் மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரிக்கோ, நாமக்கல் அரசினர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ கொண்டு சேர்த்தாலும், அங்கே அவசரப் பிரிவில் இருப்பவருக்கும் அவள் வரலாறு தெரியாது. அவளோ சொல்லாள். மாமியாரும், பக்கத்து வீட்டாரும், வண்டியில் உடன் வந்தோரும் சூழ நிற்கையில், "குழந்தைக்காக ஊசி போட்டுக்கொண்டேன்" என்று எப்பெண் வாய் திறப்பாள்? கணவனும் தன் குடும்பத்து மானத்தை எண்ணி வாளாவிருப்பான். ஆகவே வயிற்றுவலி ‘கேஸ் டிரபிள்’ ஆகின்றது, குடல்வால் நோயாகின்றது, சிறுநீரகக் கல் ஆகின்றது. வலிக்கு ஓர் ஊசியும், பொருமலுக்கு மற்றோர் ஊசியும் போட்டு வீட்டுக்கு அனுப்புதலும் நிகழ்கின்றது.

ஆதலின், இவ்வபாயங்களை அறிதற்குரிய முதற்கருவி ஸ்கேனும் அன்று, இரத்தப் பரிசோதனையும் அன்று. ஒரு வினாவே என்க. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண் எவள் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்று வந்தாலும், உடன் வந்தோரை அப்புறப்படுத்திவிட்டு, "அம்மா, குழந்தைக்காக மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறீர்களா? உங்களிடமிருந்து கருமுட்டை எடுத்தார்களா? எந்தத் தேதியில்?" என்று மெல்லக் கேட்டல் வேண்டும். ‘ஆம்’ என்னும் விடை கிடைத்தால், தேதியே பாதி நோயை உரைத்துவிடும். முட்டை எடுத்த முதல் இரண்டொரு நாட்களுக்குள் வருவது இரத்தப்போக்காயிருக்கலாம். அடுத்த சில நாட்களில் வருவது சினைப்பை மிகைத் தூண்டலோ, சீழ்நோயோ ஆகலாம். கரு வைத்துச் சில வாரங் கழிந்து வருவது இடம் மாறிய கருப்பமாதல் கூடும். இனி இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

சினைப்பை மிகைத் தூண்டல் என்பது இச்சிகிச்சைக்கே உரிய நோய். ஊசிகளால் தூண்டப்பெற்ற சினைப்பைகள் அளவு கடந்து வீங்கி, இரத்தக் குழாய்களின் சுவர்களைக் கசியச் செய்யும் பொருள்களைச் சுரக்கின்றன. அதனால் இரத்தத்திலுள்ள நீர் வயிற்றறையிலும், சில போது மார்பறையிலும் ஊறித் தேங்குகின்றது. உடம்பு முழுதும் நீர் நிறைந்திருப்பினும், இரத்தக் குழாயினுள் நீர் குறைந்து இரத்தம் தடிப்பாகின்றது. சிறுநீர் சுருங்குகின்றது. இம்முரணை உணர்ந்தோரே இந்நோயைச் செவ்விதிற் கையாள்வர். எளிய வகையில் வயிற்றுப் பொருமலும் சிறு வலியுமே இருக்கும். ஐ.வி.எப். சிகிச்சை பெறுவோருள் மூவரில் ஒருவருக்கேனும் இது தோன்றுதல் கூடுமென்பர். கடுமையானது நூற்றுக்குச் சிலர்க்கே வருவது. சினைப்பையில் நீர்க்கட்டிகள் பல உடையார்க்கும் இளவயதினர்க்கும் இவ்வச்சம் மிகுதி.

இந்நோய் இரு காலங்களில் தோன்றும். முற்றுவிக்கும் ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் தோன்றுவது முன்வகை. பத்து நாள் கழித்துத் தோன்றுவது பின்வகை. பின்வகை பெரும்பாலும் கருப்பம் தங்கியதன் அடையாளமாதலின், நெடிது நிற்கும், கடுமையும் மிகும். நாளுக்கு நாள் எடை ஏறுதல், பாவாடை நாடா இறுகுதல், ஓயாத வாந்தி, சிறுநீர் குறைதல், படுத்தால் மூச்சு முட்டுதல் என்பன அபாயக் குறிகள். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமடோகிரிட் அளவு 45 சதவீதத்தை மிஞ்சினால் நோய் கடுமையென்றும், 55ஐ மிஞ்சினால் உயிர்க்கே இறுதியென்றும் கொள்வர். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. நம் பக்கத்து மாதரிற் பலர் இரத்தசோகை உடையர். சிகிச்சைக்கு முன் 32 இருந்தவளுக்கு 41 என்று வந்தால், அது புத்தகக் கணக்கில் சரியான அளவேயாயினும், அவளளவில் இரத்தம் மிகத் தடித்துவிட்டதென்பதே பொருள். முந்திய பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்திருத்தலின் பயன் இதனால் விளங்கும்.

கையாளும் முறையில் செய்வனவற்றோடு தவிர்ப்பனவும் உள. வலிக்கு டைக்ளோபினாக், இபுபுரோபென் போன்றவை கொடுத்தலாகாது. அவை நலிந்துள்ள சிறுநீரகத்தை மேலும் நலிவிக்கும். பாரசிட்டமால் கொடுக்கலாம். வயிறு வீங்கியுள்ளதென்று சிறுநீர் பெருக்கும் மருந்தை உடனே கொடுத்தலும் தவறு. இரத்தம் தடித்திருக்கும்போது அது மேலும் தடிக்கும். வீங்கிய சினைப்பை எளிதிற் கிழியுமாதலின் வயிற்றை அழுத்திப் பார்த்தலும், உட்சோதனை செய்தலும் ஆகா. சினைப்பையிற் காணும் பெரிய நீர்ப்பைகளைக் கட்டியென மயங்கி அறுத்தெடுத்தல் பெருங்கேடு. நோய் எளியதாயின், தாகத்துக்கேற்பத் தண்ணீர் பருகச் செய்து, நாள்தோறும் எடையும் சிறுநீரளவும் குறித்துவரச் சொல்லி, வீட்டிலிருத்தலாம். கடியதாயின் ஆஸ்பத்திரியில் சேர்த்து, உட்புகும் நீரையும் வெளிப்படும் நீரையும் கணக்கிட்டு, நரம்பு வழியாகத் திரவத்தை அளவாகச் செலுத்துவர். வேண்டுமிடத்து ஆல்புமினும் சேர்ப்பர். வயிறு இறுகி மூச்சையும் சிறுநீரையும் தடுக்குமாயின், ஸ்கேன் பார்த்துக்கொண்டே வயிற்று நீரை வடித்தல் நற்பயன் தரும். கருப்பம் தங்காதவர்க்கு இந்நோய் ஏறத்தாழ பத்து நாட்களில் தானே தணியும்.

தடித்த இரத்தம் உறைதலும் எளிது. மிகைத் தூண்டலால் உயிரிழப்போர் சிலருக்கு முடிவு இவ்வழியே வருகின்றது. காலில் மட்டுமன்றிக் கழுத்திலும் கையிலும் உள்ள நாளங்களில் இரத்தக்கட்டி தோன்றுதல் இந்நோயின் தனித்தன்மை. கழுத்து வீக்கம், ஒரு கை வீக்கம், தீராத தலைவலி, ஒரு பக்கத் தளர்ச்சி, திடீரென்ற மார்புவலி என்பவற்றை அற்பமாக எண்ணலாகாது. ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பெற்றவர்க்கு இரத்தம் உறையாமற் காக்கும் ஹெப்பாரின் வகை ஊசியை வைத்தியர் கொடுப்பர்.

முட்டை எடுத்தபின் நேரும் இரத்தப்போக்கு வேறு வகையது. ஊசி பட்ட இடத்திலிருந்து வயிற்றறையினுள் இரத்தம் கசியும், வெளியே தோன்றாது. ஸ்கேனில் இங்கும் வயிற்றில் நீர் இருப்பதாகவே தெரியும். ஆயின் மிகைத் தூண்டலில் ஹெமடோகிரிட் ஏறும், இரத்தப்போக்கில் இறங்கும். நாடி விரைந்து, முகம் வெளிறி, எழுந்தால் மயக்கம் வருமாயின், இரத்தம் ஏற்றவும் அறுவைக்கும் ஆயத்தஞ் செய்து, தாமதமின்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் வேண்டும். சில நாள் கழித்துக் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் தோன்றின், சீழ் கட்டியிருத்தல் கூடும். அதற்குக் கிருமிகளைக் கொல்லும் மருந்தும், சில போது சீழை வடித்தலும் வேண்டும்.

பெருத்த சினைப்பை தன் காம்பிலேயே முறுக்கிக்கொள்ளுதல் மற்றோர் அபாயம். ஒரு பக்கத்தில் திடீரென்று கடுவலியும், அதனோடு வாந்தியும் வரும். வலி விட்டுவிட்டும் வரலாம். வலப்பக்கத்தில் இது மிகுதியாக நிகழ்வதால் குடல்வால் நோயென்று மயங்க இடமுண்டு. ஸ்கேனில் இரத்த ஓட்டம் தெரிகின்றதென்பதனாலேயே முறுக்கில்லையென்று முடிவு செய்தலாகாது. இது மணிக்கணக்கில் தீர்க்கவேண்டிய நோய். லாப்பராஸ்கோபி வழியே முறுக்கை அவிழ்த்துவிட்டால், கறுத்துத் தோன்றிய சினைப்பையும் பன்முறை பிழைத்துக்கொள்ளும். குழந்தைக்கென்றே சிகிச்சை பெறும் பெண்ணின் சினைப்பையை அவசரப்பட்டு அகற்றாது காத்தல் வைத்தியர் கடன்.

இனி, இடம் மாறிய கருப்பத்தைப் பற்றி. கருவைக் கருப்பையினுள்ளேயே வைத்தாலும், அது கருக்குழாயிற் சென்று தங்குதல் உண்டு. இயற்கையிற் கருவுற்றோரினும் இச்சிகிச்சையாற் கருவுற்றோர்க்கு இது சற்று மிகுதி. ஒரு கரு கருப்பையிலும், மற்றொன்று குழாயிலும் ஒருங்கே தங்குதல் இயற்கையில் ஏறத்தாழ 30,000 கருப்பங்களுள் ஒன்றில் நிகழும் அருமையுடையதென்று நூல்கள் கூறும். இச்சிகிச்சை பெற்றோரிடையே அஃது அத்துணை அரிதன்று. ஆதலின், "கருப்பையிற் கரு தெரிகின்றது, இனிக் கவலையில்லை" என்று ஸ்கேனை மூடிவிடுதலாகாது. அடிவயிற்று வலியும், தோள்பட்டை நுனி வலியும், மயக்கமும் உடையவளுக்குக் குழாய்களையும் நாடிப் பார்த்தல் வேண்டும். இவ்விரட்டைக் கருப்பத்தில் குழாய்க் கருவைக் கரைக்க மெத்தோட்ரெக்சேட் கொடுத்தால் கருப்பையிலுள்ள உயிர்க்கருவும் அழியும். அறுவையே பெரும்பாலும் தக்கது. மற்றொரு மயக்கமும் உண்டு. முற்றுவிக்கும் ஊசியிலுள்ள எச்.சி.ஜி., ஏறத்தாழ 10 முதல் 14 நாள்வரை சிறுநீரில் வெளிப்படும். அக்காலத்திற் செய்யும் கருப்பச் சோதனை, கருப்பம் இல்லாவிடினும் ‘உண்டு’ என்று காட்டலாம். ஊசி போட்ட தேதி தெரியாதவிடத்து இச்சோதனை வைத்தியரை வழிதவறச் செய்யும். சிகிச்சை நிலையத்தார் கொடுத்துவரும் புரோஜெஸ்டிரோன் மருந்தையும் அவர்களைக் கேளாமல் நிறுத்தலாகாது.

இதுகாறும் தமக்கெனக் குழந்தை வேண்டிச் சிகிச்சை பெறுவோரைப் பற்றியே கூறினோம். அவரினும் மறைவாய் இருப்பவள் ஒருத்தி உண்டு. அவளே கருமுட்டை கொடுப்பவள். அவளும் அதே ஊசிகளைப் பெறுகின்றாள். அவளுக்கும் அதே அபாயங்கள் உண்டு. ஆனால் அவளிடம் சீட்டில்லை, துணையில்லை. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் அண்டை ஜில்லாவாகிய ஈரோட்டில் வெளிப்பட்ட வழக்கை மறந்தார் இரார். 16 வயதுச் சிறுமி ஒருத்தியை, வயதைக் கூட்டிக் காட்டும் பொய் ஆதார் அட்டையால் பெரியவளாக்கி, பன்முறை கருமுட்டை எடுத்து விற்றனரென்று அவளுக்கு நெருங்கியவர்களும் இடைத்தரகரும் கைது செய்யப்பெற்றனர். சேலம் உட்படப் பல ஊர்களிலும் விசாரணை நடந்தது. இத்தகையாள் ஒருத்தி வயிறு வீங்கி அவசரப் பிரிவுக்கு வந்தால், மேற்கூறிய வினாவைக் கேளாத வைத்தியர்க்கு நோயும் விளங்காது. அவளுக்கு நேர்ந்த கொடுமையும் வெளிப்படாது.

சட்டம் இவ்விடயத்தில் தெளிவாகவே உள்ளது. 2021ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2022 ஜனவரி 25இல் அமலுக்கு வந்த உதவிக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கருமுட்டை கொடுப்பவள் 23 வயதுக்குக் குறையாமலும் 35க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒரு முறையே கொடுக்கலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுத்தலாகாது. அவளுக்கு நேரும் தீங்குகளுக்காக 12 மாதத்துக்கு இன்ஷூரன்ஸ் செய்தலும் முட்டையைப் பெறுவோர் கடமை. எனினும் சட்டம் ஏட்டளவில் இருப்பது போதாது. வறுமையால் உடம்பை விற்க வரும் பெண் தன் உரிமையை அறியாள். அறிவித்தல் கற்றோர் கடன்.

மாணவ நண்பர்களே! நும்மிற் சிலர் வைத்தியராகவும் தாதியராகவும் ஆதல் கூடும். பலர் ஆசிரியராகவும் அலுவலராகவும் நம் ஊர்களிலேயே வாழ்வீர்கள். வைத்தியராவோர் அவ்வொரு வினாவைக் கேட்கப் பழகுக. ஏனையோர் நும் வீட்டிலும் உறவிலும் இச்சிகிச்சை பெறுவார் உளராயின், மூன்று காரியங்களை அவர்க்குச் சொல்லுக. ஊசியின் பெயர், போட்ட தேதி, முட்டை எடுத்த தேதி, கரு வைத்த தேதி, சிகிச்சை நிலையத்தின் இரவுத் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு சீட்டிலெழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்க என்பது ஒன்று. எடை நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலும், சிறுநீர் சுருங்கினாலும், மூச்சு முட்டினாலும், மயக்கமோ கடுவலியோ வந்தாலும், பொழுது விடியட்டுமென்று காத்திராது அப்பொழுதே ஆஸ்பத்திரிக்குச் செல்க என்பது இரண்டு. சென்றவிடத்து டாக்டரிடம் மறையாது உரைக்க என்பது மூன்று. பிள்ளையில்லாமை குற்றமன்று, அதற்கு வைத்தியம் செய்துகொள்ளுதல் இழிவுமன்று. நீரிழிவுக்கு ஊசி போடுவதை நாம் ஒருவருக்கும் ஒளிப்பதில்லை. இதனையும் அங்ஙனமே கூசாது சொல்லும் நிலை நம் இல்லங்களில் உண்டாகுமாயின், தாய்மையை நாடிச் சென்ற பெண்கள் வீணே உயிரிழக்க நேராது.